மூட்டையோடு ஒரு வண்ண அட்டையும் வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நஞ்சையும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கிறேன். யூரியா கிடைக்கவில்லை என்று உங்களுக்கு நிறைய மனு வந்திருக்கும். நான் கூடுதல் யூரியா கேட்டு எழுதவில்லை. கையில் இருக்கும் யூரியாவை எப்போது போட வேண்டாம் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்கூட ஆகவில்லை. 2010-இல் மற்ற உரங்களுக்குச் சத்து அடிப்படையில் மானியம் என்று மாற்றியபோது யூரியாவை அதில் சேர்க்கவில்லை. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் விலை ஏறின, யூரியா அப்படியே நின்றது. கையில் காசு குறைந்தால் ஒருவர் எதை விடுவார்? பொட்டாஷைத்தான். யூரியாவில் ஒரு கை கூடவே விழும்.

அந்த ஒரு கைக்கு உரக்கடையில் பெரிய செலவில்லை. செலவு அப்புறம் வருகிறது. யூரியா கூடிப் பயிர் கரும்பச்சையாக நின்றால் பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கரும்பச்சைக்கு இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், மருந்துக் கடைக்கு ஓட வேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் காற்றோடு ஒரு மழை அடித்தால் பயிர் படுத்துவிடும். படுத்த பயிரை அறுக்க மெஷினுக்கு நேரம் பிடிக்கும், வாடகையோ மணிக்கணக்கு.

எண் போட்ட பச்சை நிறங்களோடு இலையை ஒப்பிட்டு, யூரியா தேவையா என்று பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர்கூட இல்லை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலையில், வெயில் இலையில் படாமல் நம் நிழலிலேயே வைத்து, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு, 4-ஆம் எண் பச்சையைவிட வெளுத்திருந்தால் மேலுரமாக (வளரும் பயிருக்கு) யூரியா போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். இல்லையென்றால் வரப்பிலிருந்து திரும்பி வந்துவிடலாம். சம்பாவுக்கு ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போதும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறோம்.

போன சம்பாவில் மூன்று மாவில் மட்டும் அட்டை பார்த்துப் போட்டேன். அங்கே ஒரு மேலுரமே மிச்சம், நெல் குறையவில்லை. பக்கத்தில் இருக்கும் என் மற்ற வயலுக்குப் புழு மருந்து அடித்தேன், இதற்கு அடிக்கவில்லை.

மாட்டுக்கும் இதே கணக்குதான். 2.5 லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பார்கள். பால் வற்றிய பிறகும் அதே அளவை வைத்துக்கொண்டிருந்தேன். கறவையை அளந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் கை குறைந்தது. பசுந்தீவனத்துக்கு வரப்பில் வேலிமசாலும் போட்டேன்.

சரி, கேட்பது இரண்டுதான். கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா பில் போடும்போதே அட்டையையும் கொடுங்கள், நடவு முடிந்ததும் ஊருக்கு ஒரு வயலில் இறங்கி ஒருமுறை பார்த்துக் காட்டுங்கள். மண் பரிசோதனை முடிவு நடவுக்கு முன் கைக்கு வர வேண்டும். நான் கோடையில் கொடுத்த மண்ணுக்கு, பயிர் தூர் கட்டிய பிறகுதான் சீட்டு வந்தது. அடியுரம் போட்டு முடித்தவனுக்கு அந்தச் சீட்டு எதற்கு?

குறுவைக்கு நாற்று விடுவதற்குள் இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து விவசாயி