எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: நவம்பர் 8 காலக்கோடு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இம்முறை சமூக அறிவியல் செயல்திட்டமாக, ஸ்பெயினுக்கு எதிரான அர்ஜென்டினா விடுதலைப் போரில் பங்கேற்ற கறுப்பினப் பெண் மரியா ரெமேதியோஸ் தெல் வாயேவின் காலக்கோட்டைக் கொடுத்திருக்கிறோம். அவர் இறந்த நவம்பர் 8ஐ ஆப்பிரிக்க வம்சாவளி அர்ஜென்டினர்களின் தேசிய நாளாக 2013இல் அந்நாடு சட்டம் இயற்றி அறிவித்தது. இந்தத் தலைப்புக்குக் கடையில் ரெடிமேட் சார்ட் கிடைக்காது. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒரு சார்ட் (56 × 71 செ.மீ.) போதும். அதை 14 செ.மீ. அகலமுள்ள நான்கு நீளப் பட்டைகளாக வெட்டி, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று 2 செ.மீ. ஏறும்படி நீளவாக்கில் ஒட்டினால் 278 செ.மீ. வரும். ஓராண்டுக்கு 1 செ.மீ. விடுதலைப் போராட்டம் தொடங்கிய 1810 புரட்சியிலிருந்து 2024 வரை 214 செ.மீ.; மீதி தலைப்புக்கு.

இடப்பக்கம் நெரிசலாகத்தான் இருக்கும். 1812 துக்குமான் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டார். தளபதி பெல்கிரானோ மறுத்தார். மரியா மீறிப் போனார். வீரர்கள் 'தாய்நாட்டின் தாய்' என்றார்கள். பிறகு பெல்கிரானோவே கேப்டன் பதவி கொடுத்தார். 1813 நவம்பரில் அயோஹூமா போரில் காயத்தோடு எதிரிகளிடம் பிடிபட்டவர், உடனிருந்த கைதிகள் தப்ப உதவியதற்காக 9 நாள் பொது இடத்தில் கசையடி பட்டார். வெறும் 'நர்ஸ்' என்று எழுதிவிட வேண்டாம்.

1826இல் தன் போர்ப்பணிக்காக 6,000 பெசோ (அந்நாட்டு நாணயம்) கேட்டு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. புவெனோஸ் ஐரிஸ் தெருவில் பிச்சையெடுத்த அவரை ஜெனரல் வியமோந்தே அடையாளம் கண்டு சட்டசபையில் பேசிய பிறகுதான், 1828 ஜூலையில் மாதம் 30 பெசோ ஒதுக்கினார்கள். அது காலாட்படை கேப்டனின் சம்பளம். 'உதவித்தொகை' என்று எழுதினால் திருத்துவோம். வாழ்க்கை வரலாறு எழுதவும் நினைவுச்சின்னம் எழுப்பவும் அப்போதே பேசி முடித்தார்கள். காரியம் நடக்கவில்லை.

1813க்கு இன்னொரு குறிப்பும் உண்டு: அரசு அடிமைகளை எஜமானர்களிடம் வாங்கிப் படையில் சேர்த்தது. முழு விடுதலை படைப்பணி முடிந்த பிறகுதான். 'விடுதலையாகிப் படையில் சேர்ந்தனர்' என்றால் வரிசை தலைகீழாகிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது நடுவில். மரியா இறந்தது 1847, சட்டம் 2013. இடையே 166 செ.மீ. ஏறக்குறைய வெறுந்தாள். இடம் வீணாகிறதே என்று அதை மடித்துச் சுருக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் சுவரில் பார்க்க வேண்டியதே அதைத்தான். அந்த இடைவெளியில் ஏதாவது தேடிக் கண்டுபிடித்தால் கோட்டுக்குக் கீழே பென்சிலால் குறிக்கட்டும்.

வலக்கோடியில் 2024: பெல்கிரானோவோடு அவரும் இடம்பெற்ற 10,000 பெசோ நோட்டு. படம் ஒட்டலாம். ஆனால் அந்த முகம் பிற்காலக் கற்பனை. 'உண்மையான படம்' என்று எழுதக் கூடாது.

ஈரப்பசை வேண்டாம், தாள் சுருங்கி அளவு மாறும்; இருபுற டேப் நல்லது. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நவம்பர் 8 காலையில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்