கை கால் விழுந்தால் ஊர் என்ன செய்யும்? கடலூர் மீனவப் பஞ்சாயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைகோரி, ராசாப்பேட்டை ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நம் கரையில் பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். இன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிட்டால் ஒரு படகும் இறங்காது. அந்தச் சொல்லை நம்பித்தான் இதை எழுதுகிறேன். பக்கவாதம் வந்தவரை எங்கே கொண்டுபோவது, யார் வண்டியில் கொண்டுபோவது என்று ஊர் இப்போதே முடிவு செய்து, அதை ஒரு கட்டுப்பாடாக அறிவிக்க வேண்டும்.

நான் இந்தக் கரையில் பிறந்த பெண். பிசியோதெரபி படித்துவிட்டு வீடு வீடாகப் போய், கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் போகும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வலை பின்னிய கைக்கு டம்ளர் பிடிக்கச் சொல்லித் தருவதுதான் என் வேலை. முதல் சில மணி நேரம் எப்படிப் போனது என்று வீட்டில் கேட்டால், அநேகமாக ஒரே மாதிரியான பதில்தான். கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தோம். சோடா கொடுத்தோம். புறா ரத்தம் தேய்த்தோம். விரல் நுனியில் ஊசியால் குத்தினால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, அதையும் செய்தோம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிதட்டி அடைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான பக்கவாதம் வருகிறது. எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்சின் ஓய்ந்துவிடும். அடைப்பை எடுத்தால் திரும்ப ஓடும். மூளை அப்படி இல்லை. பெரிய குழாய் ஒன்று அடைத்துவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும். செத்தது திரும்பாது. புறா ரத்தத்தைத் தோளிலும் தொடையிலும் எவ்வளவு தேய்த்தாலும், மண்டைக்குள் இருக்கும் அடைப்பு அசையாது. நேரம்தான் போகும்.

அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கில் நாம் வண்டி தேடுவது, போகும் வழி, ஸ்கேன் எடுப்பது எல்லாமே சேரும். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு ரத்தக் கட்டியையே வெளியே எடுக்கிறார்கள். அதைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். சிலருக்கு மட்டும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு 24 மணி நேரம் வரைகூடச் செய்வார்கள். எதைச் செய்வதானாலும் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, குழாய் வெடித்து ரத்தம் கசிகிறதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. கசிவாக இருந்தால் கரைக்கிற ஊசி உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வீட்டில் யாரும் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவும் கூடாது. விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மார்பு வலித்தால் நாம் ஓடுகிறோம். இது பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் உட்கார்ந்து பார்க்கிறோம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா, அல்லது நாம் சொல்வது புரியாமல் விழிக்கிறாரா? இதில் ஒன்று திடீரென வந்தாலும் போதும், கிளம்பிவிட வேண்டும். ஒரு கண் சட்டென்று இருட்டுவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது இரண்டும்கூட இதே கணக்குதான். இங்கே நம் ஊரில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. கரையில் ஒருவர் தள்ளாடி, வாய் குழறினால், குடித்திருக்கிறார், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று படகு நிழலில் படுக்க வைத்துவிடுகிறோம். குடித்தவருக்கும் பக்கவாதம் வரும். முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

தானாகவே சரியாகிவிடும் அறிகுறியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து நோட்டு நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. முந்தானையில் முடிந்துகொள்ளப் பார்த்தார். விரல் முடிச்சுக்கு வரவில்லை. வெயில் என்று சொல்லி நிழலில் உட்கார வைத்தார்கள். கால் மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு விற்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கால் மணி நேரம் மூளை கொடுத்த எச்சரிக்கை. சின்னக் கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாகவே கரைந்திருக்கிறது. அப்படி வந்து போனால், அடுத்த 48 மணி நேரத்தில்தான் பெரிய அடைப்பு வரும் ஆபத்து அதிகம். சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் தடுக்க வழி இருந்திருக்கும்.

காரணங்களில் முதலில் நிற்பது பி.பி. நம் சாப்பாட்டில் கருவாட்டு உப்பு, ஊறுகாய் உப்பு, எல்லாம் சேர்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடியும் புகையிலையும் சர்க்கரை நோயும் கொழுப்பும் ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதற்குள்ளேயே ரத்தக் கட்டி உருவாகி மூளைக்கு ஏறும். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்கு இளம் வயதிலேயே இது வருவதுண்டு. வயதானவர்கள் நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பி.பி. மாத்திரையை 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் நாள்கணக்கில் கடலிலேயே இருக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறார்கள். மாத்திரையும் படகில் ஏற வேண்டும்.

சரி, பஞ்சாயத்திடம் நான் கேட்பதற்கு வருகிறேன். முதலில், நிர்வாகிகள் இரண்டு பேர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நேரில் போய்க் கேளுங்கள்: இரவிலும் ஸ்கேன் எடுக்க முடியுமா, அடைப்பைக் கரைக்கும் ஊசி எந்த நேரமும் கிடைக்குமா, எந்த வாசல் வழியாக வர வேண்டும்? பதிலை ஏலக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். 108-க்குக் கூப்பிடும்போதே பக்கவாதம் மாதிரி இருக்கிறது என்று சொல்லப் பழக்குங்கள். அது வரத் தாமதமானால் யார் வண்டி எடுப்பது என்று முறை போட்டு, டீசல் காசை ஊர்ப் பணத்திலிருந்து கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான். நாம் எப்போது பார்த்தோம் என்பதை வைத்து ஊசி போட மாட்டார்கள். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் விடியற்காலை மூன்றுக்கு வாய் கோணி எழுந்தால் கணக்கு பத்து மணியிலிருந்து ஓடும். அந்த நேரத்தைச் சொல்லத் தெரிந்தவர் கூடவே போக வேண்டும்.

கடலில் நடந்தால் படகு உடனே திரும்பட்டும். அன்றைய நட்டத்தை நினைத்து யாரும் தயங்காதபடி, ஊர் அதில் பங்கெடுக்கும் என்று அறிவியுங்கள். தூரமாக இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554-க்குச் சொல்லலாம்.

இதைப் பேசும் கூட்டத்தில் பெண்களையும் உட்கார வையுங்கள். வீட்டில் விழுந்தவரை முதலில் பார்ப்பது அவர்கள்தான். கூடை சுமந்து வெயிலில் அலைகிறவர்களும் அவர்கள்தான். ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். அதற்கு முன்பே ஒரு நாளை முடிவு செய்து சொல்லுங்கள். பி.பி. பார்க்கும் கருவியோடு நான் வருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்,
பிசியோதெரபிஸ்ட், கடலூர்