சப்வூஃபர் விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தாழ்ந்த ஒலிகளை மட்டும் தருகிற பெட்டிதான் சப்வூஃபர். அதை வைத்துக் கொஞ்ச நாளாக நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "கடையில் கேட்டால் நெஞ்சு அதிர்கிறது, வீட்டில் வைத்தால் ஒன்றுமே இல்லை. காட்டுவது ஒன்று, கொடுப்பது ஒன்று" என்கிறார்கள். பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, போதவில்லை என்று சொன்னால் கோபமில்லை, அதற்கு வழி இருக்கிறது. பெட்டியை மாற்றிக் கொடுக்கிறோம் என்றதுதான் தைத்துவிட்டது.

டெமோ அறையில் ஓடும் அதே மாடல்தான் உங்கள் வீட்டுக்கும் வருகிறது. வரிசை எண் பில்லில் இருக்கிறது, சப்வூஃபரின் பின்பக்கத்திலும் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பாருங்கள். அப்படியும் மனம் ஆறவில்லையா, தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள். டெமோ பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் உங்களுடையதை வைத்து, அதே பாட்டை அதே வால்யூமில் போடுவோம். வால்யூம் குமிழ் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இந்தப் பேச்சைத் தொடங்கியவர் முதல் ஆளாக வந்தால் இன்னும் நல்லது.

அதே இடத்தில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். வீட்டு அறை அவ்வளவு பெரிதாக இருக்காது. சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஓரிடத்தில் சேர்ந்து உப்பும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். 5 மீட்டர் நீள அறை என்றால் இந்தத் தொல்லை 34 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும், அந்த ஒலிக்கு அறையின் நட்டநடு வறண்ட இடம், அங்கே அது அமுங்கிப்போகும். பலர் சோபாவைப் போட்டிருப்பது அங்கேதான்! அங்கே உட்கார்ந்து "பேஸ் இல்லை" என்று வால்யூமை ஏற்றுவார்கள், பின்சுவரில் சாய்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒருவர் சப்வூஃபரைத் தொடாமல் சோபாவை மட்டும் இரண்டு அடி பின்னால் தள்ளினார். அதோடு அவர் புகார் தீர்ந்தது.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், உண்மைதான். தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து உந்துகின்றன. ஆனால் அறையின் எல்லா அதிர்வுகளையும் மூலை எழுப்பிவிடும், ஒரு சுரம் இடிக்கும், அடுத்தது காணாமல் போகும்.

நல்ல இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள், சோபாவின் மேலே ஏற்றினாலும் சரி. பேஸ் கிட்டார் மேலும் கீழுமாக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். அப்புறம் காதைத் தரைப்பக்கம் தாழ்த்தி, சுவரோரமாக மண்டியிட்டு நகர்ந்து வாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம் எதுவோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். அதிகச் சத்தம் கேட்கிற இடத்தைத் தேடாதீர்கள், எல்லோரும் வழுக்குவது அங்கேதான். ஒலி வருகிற இடத்தையும் கேட்கிற இடத்தையும் மாற்றிப் போட்டாலும் பலன் ஒன்றுதான், அதனால்தான் இந்த முறை பலிக்கிறது.

இடம் அமைந்த பிறகு எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் மாற்றிக் கேளுங்கள். எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் உப்பலைக் குறைக்கும், வறண்ட இடத்தை நிரப்பாது. அங்கே ஏற்ற ஏற்ற ஆம்ப்ளிஃபையருக்குத்தான் வேலை. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோமும் இந்த விஷயத்தில் உதவாது. நாங்களே விற்கிறோம், இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு சப்வூஃபர் வைக்க வசதி இருந்தால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வையுங்கள். ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்விலேயே இருக்கைக்கு இருக்கை வேறுபாடு இதில் நன்றாகக் குறைவதைக் காட்டியிருக்கிறார். நம் டெமோ அறையிலும் அப்படித்தான் இரண்டு ஓடுகின்றன, கேட்டால் ஒன்றை அணைத்தும் காட்டுவோம்.

வீட்டுக்கு வந்து இடம் பார்த்துக் கொடுத்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். அதனால் அந்தச் சேவைக்கு இனி முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் "அந்தக் கடைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். முதல் ஸ்பீக்கரை எங்களிடம் வாங்கி, இன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பேஸ் இன்னும் சரியாக அமையாதவர்கள் ஒரு தாளில் அறையைக் கோடு போட்டு வரைந்து, நீளம், அகலம், உயரம், கதவு, உட்காரும் இடம் எல்லாம் குறித்துக் கடையில் கொடுங்கள். எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று குறித்துத் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்