டைல்ஸை உடைக்க முதல்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ கதைத்துவிட்டு வைத்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. நீச்சல் குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, பார்க்க வந்த கம்பனிக்காரர் டைல்ஸ் எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பப் பதிக்கச் சொல்கிறார் என்றாய். மருமகனும் ஓம் என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். குரல் பதிவு அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பிளாட்டின் மொட்டைமாடிக் குளத்தை நீ பார்த்திருக்கிறாய். ரயில் பாதையைத் தாண்டினால் கடல், பிறகு எதற்கு மாடியில் ஒரு குளம் என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். அதை விடு. நான் முகாமைத்துவக் குழுவின் பொருளாளராக வந்த பிறகு தண்ணீர் பில்லில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். மாதம் இருபது யூனிட்டுக்கு மேல் கூடியிருந்தது, ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர். எல்லா வீட்டுக் குழாய்களையும் பார்த்தோம், ஒன்றும் ஒழுகவில்லை. குளத்தை ஒருவரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் குளம் எப்போதும் நிறைந்தே இருந்தது. அங்கேதான் ஏமாந்தோம். மட்டம் இறங்கினால் தானாக நிரப்ப ஒரு மிதவை வால்வு இருக்கிறது. ஒழுகுவது ஒரு பக்கம், நிரப்புவது மறுபக்கம், காசு மட்டும் எங்களுடையது.

உன்னிடமும் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைப் பூட்டு. பிறகு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்தின் படியில், பாதி தண்ணீருக்குள் நிற்கும்படி வை. வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. ஒரு நாள் கழித்துப் பார். வெயிலுக்கும் காற்றுக்கும் இரண்டும் ஒரே அளவு வற்ற வேண்டும். மெல்பேர்னில் கோடை வறட்சியானது, எங்களுடைய புழுக்கத்தில் வற்றுவதைவிட அங்கே அதிகம் வற்றலாம். அதனால் என்னுடைய எண்ணை எடுத்துக்கொள்ளாதே, உன் வாளியைக் கேள். எங்களுக்கு இரண்டு தரம் பின்னேர மழை வந்து கோட்டைக் கெடுத்தது. மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது: வாளியில் 5 மில்லிமீற்றர், குளத்தில் 25. எங்கள் குளம் 10 மீற்றருக்கு 4 மீற்றர். மிச்ச 20 மில்லிமீற்றரைப் பெருக்கிப் பார்த்தால் நாளுக்கு 800 லீற்றர், மாதத்துக்கு 24 யூனிட். பில்லில் கூடியிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஒரு கம்பனி டைல்ஸை உடைக்கத்தான் சொன்னது. அவர்கள் கொடுத்த விலையைப் பார்த்து நான் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். தண்ணீர் டைல்ஸால் போகிறது என்று யார் பார்த்தது?

குளத்துத் தண்ணீரை மணலால் வடிக்கும் பில்டர் தாங்கியின் தலையில் கைபிடியோடு ஒரு பெரிய வால்வு இருக்கும், மல்டிபோர்ட் என்பார்கள். அதைச் சுற்றி பில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட் என்று எழுதியிருக்கும். கைபிடி பில்டரில் நிற்கும்போது, அழுக்குத் தண்ணீரை வெளியே விடும் வேஸ்ட் பைப்பால் ஒரு சொட்டும் போகக் கூடாது. எங்கள் வேஸ்ட் பைப் மூடியிருந்த கழிவுநீர்க் கானுக்குள் போய் முடிகிறது. பைப்பில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது, உள்ளே ஓடுவதைப் பார்க்கத்தான். அது பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. கெயார்டேக்கர் தம்பி கான் மூடியைத் தூக்கினார். பம்ப் ஓடிக்கொண்டிருக்க, கைபிடி பில்டரில் நிற்க, பைப்பின் வாயால் பென்சில் தடிப்பில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 5 லீற்றர் கலனை வைத்து நேரம் பார்த்தேன். 8 நிமிடத்தில் நிறைந்தது. நாள் முழுக்க அப்படி ஓடினால் 900 லீற்றர். இரவில் பம்ப் நிற்கும்போது கொஞ்சம் மெதுவாகும். கணக்கு கிட்ட வந்துவிட்டது. வயதுபோன நேரத்தில் இப்படிச் சந்தோஷப்பட வைத்த கணக்கு வேறு இல்லை.

காரணம் அந்த வால்வுக்குள் இருக்கிற ஒரு இறப்பர். வண்டிச் சில்லுப் போல வட்டமும் ஆரக்கால்களும் உள்ள கேஸ்கட், ஸ்பைடர் கேஸ்கட் என்று கேட்டால் கடையில் தெரியும். ஒவ்வொரு வழியையும் மற்ற வழியில் இருந்து பிரித்து வைப்பது அதுதான். ஒரு மணல் துகள் அதன்மேல் சிக்கினாலும் ஒழுகும். ஆகவே முதலில் செலவில்லாத வேலையைச் செய்: பம்பை நிறுத்து, கைபிடியை நன்றாக அமத்திப் பேக்வாஷுக்கு, அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலைக் கழுவும் இடத்துக்கு, திருப்பு, பம்பைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடு. திரும்ப நிறுத்தி ரின்ஸ், ஒரு நிமிடம். திரும்ப நிறுத்தி பில்டர். சில வேளை இதோடு நின்றுவிடும். எங்களுடையது நிற்கவில்லை.

பம்ப் ஓடும்போது கைபிடியைத் திருப்பவே கூடாது. எங்கள் கேஸ்கட் போனதே அதனால்தான். திறந்து பார்த்தால் ஒரு ஆரக்கால் தன் பள்ளத்தை விட்டு வெளியே வந்து முறுகிக் கிடந்தது. யார் திருப்பியது என்று நான் கேட்கவில்லை. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்களே திறப்பதென்றால் பம்பின் மின்சாரத்தை பிரேக்கரிலேயே நிறுத்த வேண்டும். தாங்கியின் காற்றுத் திருகைத் திறந்து, அமுக்க மானியின் முள் பூச்சியத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். குளத்தில் இருந்து வரும் பைப், குளத்துக்குத் திரும்பும் பைப், இரண்டையும் பூட்ட வேண்டும். எங்கள் பம்ப் அறை குளத்துக்கு ஒரு மாடி கீழே. திரும்பும் பைப்பைப் பூட்ட மறந்துவிட்டோம். மூடியைத் தூக்கியதும் தம்பிக்கு நல்ல குளிப்பு, எனக்குச் சேலை நனைந்தது, அப்பா படியில் நின்று சிரித்தார்.

மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திறக்கச் சொல்லு, இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது திசை மாறிவிடும். உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது, கடைசித் திருகாணிகளைக் கழற்றும்போது மூடியை ஒரு கையால் அமத்திக்கொள்ள வேண்டும். எங்கள் திருகாணிகள் கடற்காற்றில் துருப்பிடித்து ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தன. உங்களுக்கு அந்தத் தலையிடி இராது.

கேஸ்கட்டுக்காகத் தம்பி பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அங்கே வாகனச் சாமான்தான். நீச்சல் குளச் சாமான் விற்கும் கடையில்தான் கிடைத்தது, அதுவும் பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டிய பிறகு. ஒன்றரை இஞ்சி வால்வுக்கு ஒன்று, இரண்டு இஞ்சிக்கு வேறொன்று. வால்வில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போ. புதியதைப் போட முதல் பள்ளத்தில் இருக்கிற பழைய பசையையும் மணலையும் சுரண்டித் துடைக்க வேண்டும். கைபிடிக்குக் கீழே உள்ள ஓ-ரிங் என்ற இறப்பர் வளையத்துக்கு சிலிக்கன் கிரீஸ் பூசலாம். வாசலின் பூச வேண்டாம், இறப்பர் ஊதிப்போகும். திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மருமகனின் கைப்பலம் எனக்குத் தெரியும், ஊறுகாய்ப் போத்தல் மூடியையே உடைத்தவர். அது பிளாஸ்டிக் என்று சொல்லு.

பூட்டிய பிறகு எங்கள் பைப்பின் வாயில் நாலைந்து சொட்டு விழுந்தது, பிறகு காய்ந்துவிட்டது. அடுத்த நாள் வாளியிலும் 5, குளத்திலும் 5.

உன்னுடையதும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. கைபிடிக்குக் கீழே ஒழுகினால் அது ஓ-ரிங். குளத்திலேயே வெடிப்பு இருந்தால் கம்பனிக்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இன்றைக்குக் குளத்தைப் படம் எடுத்து அனுப்பாதே. பம்ப் ஓடும்போது வேஸ்ட் பைப்பின் வாயை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பு. அந்த மனிதருக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு. வீடியோ எடுக்கும்போது கைபிடியைத் தொடாதே.

சின்னவளுக்கு முத்தம்.

அம்மா