தனுஷ்கோடியில் இன்னும் ஊர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாம்பன் தீவுப் பயணக் கட்டுரை தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று சொல்கிறது. படித்ததும் மனம் வலித்தது. நான் பாம்பனில் பிறந்தவள். அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போனவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும் ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து, குடிசை போட்டு, இன்றைக்கும் அங்கே பிழைக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்த அதே இடத்தில் வலை காய்ந்துகொண்டிருக்குமே, அது கண்ணில் படவில்லையா?

அங்கே போகிறவர்கள் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றாவது கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அந்த மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால்தான் பெண்கள் அவசரப்படாமல், ஊற ஊறக் கோரிக் குடத்தை நிரப்புகிறார்கள்.

ஆண் கடல், பெண் கடல் என்று நாங்கள் சொல்வதையும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஆண் கடலான தெற்கே உள்ள மன்னார் வளைகுடா சீறும், பெண் கடலான வடக்கே உள்ள பாக் நீரிணை அடங்கியிருக்கும் என்று அதோடு நிறுத்திவிட்டார். வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் வந்து பார்க்கட்டும். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் சாதுவாகிவிடும். தென்மேற்குக் காற்று எழுந்தால் மறுபடி தலைகீழ். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் வள்ளத்தை எந்தக் கடலில் இறக்குவது என்று முடிவெடுக்கிறார்கள்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி எழுதியதில் குறை இல்லை. 1914-இல் திறந்த பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் மூன்று பக்கம் பாலத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு ஒரு பத்தியா?

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிப்பவர்கள் அவர்கள். ஜெல்லிபோல உறைய வைக்கும் அகர் அகர் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் வருகிறது. பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் போட்ட விதி அல்ல அது. என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். எந்தப் பாறையை எத்தனை நாள் தொடாமல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கரையில் கிடக்கும் பவளத் துண்டை நினைவாக எடுத்துப் போகலாம் என்று படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். 2001-லிருந்து பவளப்பாறை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பாறைதான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காக அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் வந்த வினை. தீவு முழுகும் என்று கதையில் படிக்கலாம். எங்கள் பக்கத்தில் அது நடந்தே விட்டது.

அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் வரும்போது ஒருநாள் கூடுதலாகத் தங்கச் சொல்லுங்கள். பாசி மூட்டையோடு பெண்கள் கரையேறும் நேரத்தில் கரையில் நின்று அவர்களிடம் பேசட்டும். பங்குனி ஆமை எங்கே முட்டையிடும், பூநாரைகள் எப்போது வந்து இறங்கும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதட்டும். நானே அழைத்துப் போகத் தயார்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகி