சிறுவாய் பாஸ் கல்லில் வாழும் மீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத விளையாட்டுப் பக்கத்தில் சிறுவாய் பாஸ் (smallmouth bass) என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த மீனைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது. ஆனால் நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது பெருவாய் பாஸ். அதன் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. விலாவில் கறுப்புப் பட்டை நீளவாக்கில் ஓடுகிறது. சிறுவாய் பாஸுக்குத் தாடை கண்ணைத் தாண்டாது, கோடுகள் முதுகிலிருந்து வயிற்றை நோக்கி இறங்கும், உடம்பு வெண்கல நிறமாக இருக்கும். படம் மாறுவது எந்தப் பத்திரிகையிலும் நடப்பதுதான். கட்டுரையில் சொன்ன யோசனைகளும் அந்தப் படத்து மீனுக்கே உரியவை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நாணல் ஓரத்தில் வீசு, நீர்ச்செடிகளுக்குள் இறக்கு, ஒரு சாண் நீள ரப்பர்ப் புழுவைக் கட்டு, நரம்பு, அதாவது தூண்டில் இழை, தடிமனாக இருக்கட்டும் என்கிறார் கட்டுரையாளர். டர்பன் பக்கத்து இனாண்டா, ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைகளில் கை பழகியவர் போலிருக்கிறது. அங்கே அது சரி. நானும் டர்பன்காரன்தான். என் தாத்தா கரைவலை இழுத்தவர். எனக்கு ஷேட் மீனும் கடலும் போதும் என்றிருந்தேன். மகள் கேப் டவுனில் வாழ்க்கைப்பட்ட பின் ரைலண்ட்ஸுக்கு வந்து சேர்ந்தேன். மருமகன் ஒருநாள் என்7 நெடுஞ்சாலையில் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி, கிளான்வில்லியம் அணைக்கு அழைத்துப் போனார். கடல் பக்கம் போவது அதன்பின் குறைந்துபோனது.

சிறுவாய் பாஸ் செடியை நம்பி வாழ்வதில்லை. கல்லும் சரளையும் ஓட்டமுள்ள நீரும் குளிர்ச்சியும் இருக்கும் இடமே அதன் வீடு. ஆற்றில் என்றால் பாறைக்குப் பின்னால் நீர் சுழன்று அடங்கும் இடத்தில் நிற்கும். அணையில் என்றால் கரையிலிருந்து நீருக்குள் நீளும் கல்முனை, திடீரென்று ஆழம் இறங்கும் விளிம்பு, மூழ்கிப்போன பழைய சுவர். இவற்றைத் தேட, ஒலி அலையால் நீரின் அடித்தளத்தைக் காட்டும் ஒலிமானி என்னும் கருவியை வாங்கச் சொல்கிறார் கட்டுரையாளர். கிளான்வில்லியம் அணையில் அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்குக் கோடை முழுவதும் தண்ணீர் போவதால், கோடை முடிவில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். அப்போது கரையோரமாக நடந்து கற்குவியல்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால மழையில் அணை நிரம்பிய பிறகு எங்கே வீசுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது இரை. அமெரிக்கப் புத்தகங்கள் இந்த மீனுக்கு நன்னீர்ச் சிங்கி இறாலே பிரியமான தீனி என்கின்றன. அங்கே அது உண்மை. நம் தென்னாப்பிரிக்க ஆறுகளில் அந்த இனம் இயற்கையாகக் கிடையாது. இங்கே கல்லுக்கடியில் இருப்பது நண்டு. சிறு மீன்களும், தும்பியாக மாறுவதற்கு முன் நீருக்குள் வாழும் புழுக்களும் உண்டு. ஆகவே கடைக்காரர் காட்டும் சிவந்த, நீளமான, கொடுக்கு நீட்டிய ரப்பர் இறாலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழுப்பில் அல்லது பாசிப்பச்சையில், வயிற்றுப் பக்கம் சிறிது ஆரஞ்சு கலந்த சிறிய இரை போதும்.

என் பெட்டியில் நிரந்தர இடம் பிடித்தது, மூன்று அங்குல நீளமுள்ள, ஒரு முனையில் விழுதுகள் தொங்கும் குழல் வடிவ ரப்பர் இரை. ஈயத்தலை கொண்ட தூண்டில் முள்ளை அதன் உள்ளே செருக வேண்டும். ஈயம் 3.5 கிராம் போதும். காற்று எழுந்தால் 7 கிராம். தலை உள்ளே மறைந்திருப்பதால் அது நேராக விழாமல் சுற்றிச் சுற்றி இறங்கும். வீசியவுடன் நரம்பை இறுக்கிவிடாதீர்கள். சற்றுத் தளர்வாக விட்டு, நரம்பு நீரில் நுழையும் இடத்தையே பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட மீன்கள் இரை இறங்கும்போதே எடுக்கின்றன. கையில் இழுப்பு எதுவும் தெரியாது. நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது எண்ணியதைவிட முன்னதாகவே நின்றுவிடும். தரையைத் தொட்டபின் தடியை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நண்டு அப்படித்தான் ஓடி நிற்கும். ஈரத்துணி முள்ளில் மாட்டியதுபோல் கனம் தெரிந்தால் தயங்காமல் தடியைத் தூக்குங்கள். கற்களில் முள் சிக்கி இரைகள் போகத்தான் செய்யும். ஒன்றுகூடப் போகாமல் வீடு திரும்பினால் தவறான இடத்தில் வீசியிருக்கிறீர்கள்.

மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கும் காலத்தில், முகத்தில் தகடு வைத்து மூழ்கி நீந்தும் சிறிய கட்டை மீன் வடிவ இரையையும் கட்டுவேன். அது கல்லில் முட்டுகிற ஆழத்துக்கு இறங்க வேண்டும். முட்டாமல் நடுநீரில் வந்தால் வெறும் உடற்பயிற்சி. முட்டியதும் ரீலை ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும். கோடை விடியலில், காற்று எழும் முன், மேல்மட்டத்தில் ‘களக்’ என்று வாய் திறக்கும் மிதவை இரை. சுழல்தகடு இரை ஆற்றில் நன்றாக வேலை செய்யும், அணையில் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நரம்பு எட்டு பவுண்டுக்கு மேல் இழுவை தாங்க வேண்டியதில்லை. தெளிந்த நீரில் ஆறு பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்னும் செயற்கை இழை. தடித்த நரம்பில் இரையின் சுழற்சியே கெட்டுப்போகிறது. நண்பகலில் காற்று வீசத் தொடங்கியதும் பலர் மூட்டை கட்டுகிறார்கள். காற்று நேராக மோதும் கல்முனையில் இருந்து பாருங்கள்.

குளிர்காலத்தில் ஈயத்தைக் கீழே, முள்ளை ஒரு முழம் மேலே கட்டி, இரையை ஆழத்தில் அசையாமல் தொங்கவிட வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். என் மருமகனுக்கு அது கிடையாது.

வசந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன் சரளையை வாலால் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பின்பும் தனியாக நின்று காவல் காக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பசியால் அல்ல, கோபத்தால் கடிக்கும். நம் வீடுகளில் புரட்டாசி விரதம் நடக்கும் சமயமும் ஏறக்குறைய இதுதான். கூட்டில் நிற்கும் மீனைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்வதில் என்ன திறமை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

‘வெளிநாட்டு மீன்தானே, எத்தனை பிடித்தாலும் நல்லதுதானே’ என்று சிலர் கேட்பார்கள். ஆற்றைப் பொறுத்தவரை நானும் அவர்கள் கட்சி. ஆற்றில் பிடித்ததை நாங்கள் திரும்ப விடுவதில்லை. சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். மகள் பொரிக்கத்தான் ஒப்புக்கொள்கிறாள், புளிக்குழம்புக்கு ஸ்னூக் என்னும் கடல்மீன்தான் வேண்டுமாம்.

இங்கேதான் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னைத் துன்புறுத்தியது. பிடித்த மீன்களில் சிலவற்றை உயிரோடு வாளியில் கொண்டுபோய்ப் பக்கத்து ஓடையிலோ பண்ணைக் குளத்திலோ விட்டால் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதியிருக்கிறார். இந்த மீன் 1937இல் அமெரிக்காவிலிருந்து ஸ்டெல்லன்பாஷ் அருகேயுள்ள யோன்கர்ஸ்ஹூக் பண்ணைக்கு வந்தது. அங்கிருந்து ஆறு ஆறாகப் பரவியதும் மனிதர் கையால்தான். விளைவைப் பார்க்க ரோண்டெகாட் ஆறு ஒன்றே போதும். சீடர்பெர்க் மலையிலிருந்து இறங்கி கிளான்வில்லியம் அணையில் சேரும் சிறிய ஆறு அது. பாஸ் ஏற முடியாத அருவிக்கு மேலே ரெட்ஃபின் போன்ற உள்நாட்டுச் சிறுமீன்கள் இருந்தன. அருவிக்குக் கீழே அவை இல்லை. பாஸ் விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்த யெல்லோஃபிஷ் என்னும் உள்நாட்டு மீன் மட்டுமே மிஞ்சியிருந்தது. கேப்நேச்சர் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2012இலும் 2013இலும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு ரோட்டினோன் என்னும் மீன்கொல்லி மருந்து இட்டு பாஸ் மீனை அகற்றியது. பிறகு மேலிருந்து உள்நாட்டு மீன்கள் இறங்கி வந்து பெருகின. நான்கு கிலோமீட்டரைச் சுத்தம் செய்ய இரண்டு முறை ஆற்றுக்கே மருந்து போட வேண்டியிருந்தது. வாளியில் கொண்டுபோய் விட ஐந்து நிமிடம் ஆகாது.

அனுமதியின்றி இப்படி விடுவது சட்டப்படியும் குற்றம். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, பிள்ளைகளோடு பல குடும்பங்கள் அணைகளுக்குப் போகும். தூண்டில் முறைகளைப் பற்றிய என் கருத்தை இடமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ரைலண்ட்ஸ், கேப் டவுன்