சாப்பாடு சொன்னால் முன்பணம் கொடுங்கள்

குமரி மாவட்டத்துக்குப் பயணிகளை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு, வணக்கம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அருகே, முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு வீட்டுச் சமையல் செய்துகொடுக்கும் ஏழு பெண்களில் ஒருத்தி இதை எழுதுகிறேன். எங்கள் ஊரையும் எங்கள் அடுப்பையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்களுடைய விளம்பரத் தாள்களில் 'கிராமிய அனுபவம்' என்ற எழுத்துகளுக்குக் கீழே இருப்பது எங்கள் அடுப்பின் படம்தான்.

கடந்த மாதம் உங்களில் ஒருவர், அவர் பெயர் இங்கே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவும் அழைத்து, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நன்றாக வேக வேண்டும், மீன்கறியில் காரம் மட்டாக இருக்க வேண்டும் என்று பக்குவம் சொன்னதால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. விடியுமுன் எழுந்து இருபது கிலோ கிழங்கைத் தோலுரித்து நறுக்கினோம். குளச்சலிலிருந்து சாளை மீன் வந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மட்டி வாழைப்பழத்தில் இரண்டு குலை வாங்கித் தொங்கவிட்டு, இலையும் வெட்டி அடுக்கிவைத்தோம். பன்னிரண்டரை மணிக்குப் பேருந்து வந்தது. பயணிகள் பாலத்தின் மேல் நடந்து படமெடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பேருந்து போய்விட்டது. கமிஷன் தரும் நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் அவர்கள் சாப்பிட்டது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அழைத்த அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

வெந்த மரச்சீனி சூட்டோடு இருக்கையில் மாவாய் உதிரும். மூன்று மணிக்குள் ஆறி விறைத்துப்போகும். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது; அரிசி கிடைக்காத காலத்தில் எங்கள் பாட்டிமார் இதைத் தின்றுதான் பிழைத்தார்கள். அன்று மாலை அதைச் சட்டி சட்டியாக மாட்டுத் தொட்டியில் கொட்டியபோது எங்களில் மூத்தவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மீன் கொண்டுவந்த அம்மாவுக்கும் பணம் கொடுத்தாக வேண்டுமே. குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அந்தத் தொகை இன்னும் திரும்பச் சேரவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஊரில் சாப்பாடு சொன்னால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், வர இயலாவிட்டால் முந்தின நாள் உச்சிக்குள் சொல்லிவிடுங்கள். நகரத்து விடுதிகளில் அறை பிடிக்கும்போது நீங்கள் முன்பணம் கட்டாமலா இருக்கிறீர்கள்? எங்களிடம் மட்டும் வாய்ச்சொல் போதும் என்று எப்படி முடிவுசெய்தீர்கள்?

உங்கள் தாள்களில் 'உள்ளூர் மக்களுக்குப் பயன்தரும் பொறுப்பான பயணம்' என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். விளவங்கோடு பகுதி நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1966இல் 115 அடி உயரத்தில் கட்டிய பாலத்தின் தொட்டிக்குள் உங்கள் பயணிகள் காலித் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஊருக்கு அவர்கள் விட்டுச்செல்லும் பயன் இப்போதைக்கு அவ்வளவுதான் என்றால், அதை அடைந்துகொள்ள நாங்கள் விடியுமுன் எழுந்திருக்க வேண்டியதில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி வந்து, திருப்தியாகச் சாப்பிட்டு, அடுத்த வீட்டில் கருப்பட்டியும் வாங்கிச் சென்றவர்களும் உங்களுள் உண்டு; அவர்களுக்கு இந்த மடல் இல்லை.

அதே நண்பர் நேற்று வேறோர் எண்ணிலிருந்து அழைத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய கணக்கைத் தீர்த்து, புதியதற்குப் பாதித் தொகையையும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புமாறு அவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பணம் வந்த பிறகே கிழங்கு பிடுங்கச் சொல்வோம்.

இப்படிக்கு,
மாத்தூரிலிருந்து ஏழு பேர் சார்பில் ஒருத்தி